பின்பக்கம் வெள்ளை

சிவகாசி
12.11.2008

எழிலுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், சிவகாசி நகரம், ஆப்செட் மெஷின்மேன் கோட்டைச்சாமி அவர்களின் ஒரே புதல்வன் புகழேந்திக்கு இன்று மாலை முதல் சொந்தமாக ஒரு மேசை உண்டு. மேசைக்கு மூன்று கால். நான்காவது காலுக்குப் பழைய காலண்டர் அட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்திருக்கிறோம். "போன வருசம்தான் உன்னையத் தாங்குது. இந்த வருசம் நீயா நில்லு" என்று அம்மா ஆசீர்வதித்தாள். இந்தியாவின் வருங்காலத் தலைமை நீதிபதி இந்த மேசையிலிருந்துதான் புறப்படப் போகிறார்.

(இந்தக் கடிதத்தை எழிலுக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருக்கும் விடுதி வார்டன் பாலம்மாள் டீச்சருக்கு என் பணிவான வணக்கம். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திவிட்டுக் கொடுக்கவும்.)

விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளி லீவில் நீ சொன்ன சட்டப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை நானும் எழுதப் போகிறேன். மே மாசம் சென்னைக்குப் போய் எழுதணும், இருநூறு கேள்வி, ரெண்டே மணி நேரம், எல்லாம் இங்கிலீஷ் என்று நீ அடுக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது உண்மை. ஆனால் உங்கம்மாவும் எங்கம்மாவும் அக்கா தங்கச்சி, நீ எனக்கு மூன்று மாசம் மூப்பு என்கிற ஒரே ஆதாரத்தை வைத்துக்கொண்டு, என்னை 'அக்கா' என்று கூப்பிடச் சொல்கிறாய். நீ வக்கீலும் ஆகிவிட்டால் உன்னோடு ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா?

படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பாய். அப்பா மெஷினில் காலண்டர் சீசனுக்கு நடுவே ஒரு சென்னைக் கம்பெனி ஆர்டர் ஓடுகிறது. என்ன ஆர்டர்? இதே தேர்வுக்கான கைடு. புது வேலையை மெஷினில் ஏற்றினால் கலரும் ஓரமும் சரியாகும் வரைக்கும் ஓடுகிற தாளெல்லாம் வேஸ்ட். அதை அப்பா கட்டாகக் கொண்டுவந்து போட்டார். பெரிய பெரிய தாள். ஒரு தாளுக்கு எட்டுப் பக்கம். பின்பக்கம் வெள்ளை. பையன்கள் ரஃப் ஒர்க் போட்டுக்கொள்ளட்டும் என்று கம்பெனிக்காரனே விட்டிருக்கிறான். படித்தவன் யோசனையே தனி.

தினம் ஒரு தாள், இதுதான் திட்டம். அதற்குள் ஒரு தடவை முழுக்க முடித்துவிட்டேன். நீ இதை வாசிக்கும்போது இரண்டாவது தடவை ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் விடுதியில் பொதுத்தேர்வு முடியும் வரை வெளிப் புத்தகம் உள்ளே வரக்கூடாது, தின்பண்டம் வரலாம். ஆகவே இத்துடன் சாத்தூர் சேவு ஒரு பொட்டலம். சேவு கொஞ்சம் குறைச்சல், பொட்டலம் கொஞ்சம் பெரிசு. டீச்சர், சேவு உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
கனம் பொருந்திய புகழேந்தி

---

விருதுநகர்
20.11.2008

புகழு,

சேவு நேரா பாலம்மாள் டீச்சர் மேசைக்குப் போயிருச்சு. தாளை விரிச்சுப் பார்த்தாக. கொஞ்ச நேரம் வாசிச்சாக. "சேவு இங்கன இருக்கட்டும். குப்பையை நீ எடுத்துட்டுப் போ"ன்னு கட்டை என் கையில குடுத்தாக. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. உன் லெட்டர்ல மட்டும் சிவப்பு மை அஞ்சாறு இடத்துல இருந்துச்சு.

அந்தத் தாளை வரிசைப்படுத்த நான் பட்ட பாடு. ஒண்ணாம் பக்கத்துக்குப் பக்கத்துல பதினாறு. அதுக்கு மேல எட்டும் ஒன்பதும் தலைகீழா நிக்கிது. பிளேடு வாங்கி வெட்டி, அடுக்கி, போர்வை தைக்கிற ஊசியால தைச்சேன். தைச்ச பிறகு புரட்டினா, ஒண்ணுக்கு அடுத்தது நாலு. நாலு, அஞ்சு, அப்புறம் எட்டு, ஒன்பது. ஏலே, மீதிப் பக்கமெல்லாம் அந்த வெள்ளைப் பக்கத்துல அச்சாக வேண்டியதுலே. ரஃப் ஒர்க்காம், ரஃப் ஒர்க். மெஷின்மேன் மகன் நீ. ஒரு தடவை முழுக்க முடிச்சவனுக்குப் பாதிப் புத்தகத்தைக் காணோம்னு தெரியலையா?

நீ விளையாட்டா எழுதுற. எனக்கு விளையாட்டு இல்லை. அம்மா ஒரே ஒரு தடவைதான் விடுவேன்னு சொல்லியிருக்கு. கிடைக்கலைன்னா ஜூன் மாசம் பட்டாசு ஆபீஸ்ல பில் போடப் போகணும். பேசியே வச்சிருச்சு.

நான் எதுக்கு இதைப் படிக்கணும்னு நிக்கிறேன்னு உனக்குத் தெரியும். பட்டாசு ஆபீஸ்ல மருந்து பத்தி அப்பாவுக்குக் கை வெந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்ப கம்பெனி ஆளு ஒரு தாளைக் கொண்டுவந்தாரு. எங்கப்பா கையெழுத்துப் போடத் தெரிஞ்சவரு. வலது கை கட்டுல இருக்குன்னு இடது பெருவிரலைப் பிடிச்சு உருட்டிட்டுப் போயிட்டாக. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. அதை வாசிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளாவது எங்க வீட்டுல வேணும்.

அந்தப் பின்பக்கத்தை எப்படியாவது அனுப்பு.

எழில் அக்கா

---

சிவகாசி
07.12.2008

எழிலுக்கு (அக்கா என்பது நிலுவையில் உள்ள வழக்கு),

பாதி இல்லையென்று எனக்குத் தெரியாமல் இல்லை. சட்டப் புத்தகம் என்றாலே வக்கீல் பேச்சு மாதிரி விட்டு விட்டுத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நானே ஒரு மாதிரித் தேர்வு வைத்து நானே எழுதி நானே திருத்தினேன். இருநூற்றுக்கு நூற்றி எண்பத்தேழு. பாதிப் புத்தகத்தில் இவ்வளவு என்றால் முழுப் புத்தகத்துக்குக் கணக்குப் போட்டுப் பார். இருநூறைத் தாண்டும்.

பின்பக்கம் கிடைக்காது. அப்பாவிடம் கெஞ்சினேன். மறுபக்கம் ஓட்டின தாளெல்லாம் மடிச்சு, தைச்சு, லோடு ஏறிப் போய்விட்டதாம். கடைக்கும் வராதாம், அவர்கள் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். "ஒண்ணே ஒண்ணு எடுத்திருக்கலாமேப்பா" என்றேன். "வேஸ்ட் நம்மளுது, புத்தகம் அவுகளுது. ஏலே, வக்கீலுக்குப் படிக்கிறவன் கேக்குற கேள்வியா இது?" என்றார். தீர்ப்பு எனக்கு எதிராக.

ஆகவே நம்மிடம் இருப்பது பாதிப் பிரதி. நான் பிரதி, நீ வாதி. சேர்த்துச் சொன்னால் பிரதிவாதி. குற்றம் சாட்டப்பட்டவர்கள் நாம்தான்.

புகழேந்தி

---

விருதுநகர்
18.01.2009

புகழு,

பிரதிவாதிக்கு டீச்சர் ஓரத்துல ஒரு டிக் போட்டிருக்காக. மேல ஏறி உக்காந்துக்காத.

பொங்கல் லீவுல யோசிச்சேன். இல்லாத பக்கத்துக்கு அழுதுக்கிட்டு இருக்குறதுக்கு, நாமளே எழுதிட்டா என்ன? அஞ்சாம் பக்கக் கடைசியில ஒரு விதி இருக்கு. ஆபத்தான பொருளைத் தன் இடத்துல வச்சிருக்குறவன், அது அங்கிருந்து வெளியேறி அடுத்தவருக்குச் சேதம் பண்ணினா, தன் மேல தப்பே இல்லைன்னாலும் அவன்தான் பொறுப்பு. அதுக்குக் கீழே 'சம்பவம்'னு ஒரு வார்த்தை. அதோட பக்கம் முடிஞ்சு போச்சு. ஆறு, ஏழு ரெண்டும் வெள்ளை.

சம்பவத்தை நான் எழுதினேன். வெடி மருந்து வச்சிருக்குற ஒரு ஷெட். சித்திரை வெயில். ஒரு ஆளு உள்ளே வேலை பார்க்காரு. மருந்து பத்திக்கிருது. அவருக்குக் கை போச்சு. யாரு பொறுப்பு?

எழுத ஆரம்பிச்சாத்தான் தெரியுது. விதியில 'வெளியேறி'ன்னு ஒரு வார்த்தை உக்காந்திருக்கு. அந்த ஆளு உள்ளேதான் இருந்தாரு. மருந்து எங்கேயும் வெளியேறலை. அப்ப இந்த விதி அவருக்கு இல்லையா? ராத்திரியெல்லாம் அந்த ஒத்தை வார்த்தை என்னைத் தூங்க விடலை.

ரெண்டு கட்சிக்காகவும் நானே பேசிப் பார்த்தேன். முதல்ல தமிழ்ல எழுதுறேன், அப்புறம் டிக்‌ஷனரியை வச்சு இங்கிலீஷ்ல மாத்துறேன். இங்கிலீஷ் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா வருது. தமிழ்ல எழுதின தாளை இதுக்குள்ள வச்சிருக்கேன். படிச்சிட்டு எந்தக் கட்சி ஜெயிக்கும்னு சொல்லு.

எழில்

---

சிவகாசி
02.02.2009

எழில்,

இன்னைக்குக் கிண்டல் கிடையாது. கொஞ்சம்தான்.

உன் தாளை மெஷின் பக்கத்தில் நின்று வாசித்தேன். "என் கட்சிக்காரர் அனுமதி பெற்ற இடத்தில், அனுமதி பெற்ற அளவில் மருந்து வைத்திருந்தார். அது ஒரு அடிகூட வெளியேறவில்லை. உள்ளே வந்தவர் தெரிந்தே வந்தார், சம்பளத்துக்கு வந்தார்." எழிலு, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உங்கப்பாவுக்கு, என் சித்தப்பாவுக்கு, நடந்ததை வைத்துக்கொண்டு, முதலாளி பக்கம் நின்று இப்படி எழுத உன்னால் எப்படி முடிந்தது? எனக்கென்றால் முதல் வரியிலேயே அந்த ஆளுக்கு மீசையும் தொப்பையும் வைத்து வில்லனாக்கியிருப்பேன்.

டீக்கடையில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பைண்டிங் ஆட்கள் ஒரு பக்கம், மெஷின் ஆட்கள் ஒரு பக்கம். "வெளியேறலைன்னா? கை வெளியேறிப் போச்சுல்ல?" என்று அய்யாதுரை அண்ணன் பெஞ்சைத் தட்டினார். "விதியில எழுதினதை மட்டும் பேசுமய்யா" என்று இன்னொருத்தர். டீ ஆறி ஏடு கட்டிப் போச்சு. கடைசியில் அப்பா மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். அப்பாவுக்கு முழங்காலில் வாதம் இருப்பது தெரியும், வாயிலும் வாதம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சீசன் முடிந்து மினி ஆப்செட் சும்மா கிடக்கிறது. டைப் பண்ணுகிற பாண்டிச்செல்வி அக்காவிடம் உன் தாளை விரித்துப் பிடித்தேன். அவர்கள் அடித்துக் கொடுத்தார்கள். கைடின் வெள்ளைப் பக்கம் இருக்கிறதே, அதிலேயே அச்சடித்துவிட்டேன். இப்போது உன் எழுத்துக்குப் பின்னால் கைடு, கைடுக்குப் பின்னால் உன் எழுத்து. கீழே 'த. எழில்' என்று கொட்டை எழுத்து. ஒரு கட்டை வெம்பக்கோட்டைப் பக்கம் போகிற பட்டாசு ஆபீஸ் வேன்களில் கொடுத்துவிட்டேன். வெள்ளாமை விலையைப் பேசுகிறவர்கள் இனிமேல் சட்டம் பேசட்டும். சித்தப்பா பார்த்தால் நெஞ்சை நிமிர்த்துவார்.

இன்னும் எழுதி அனுப்பு. எல்லாப் பக்கத்தையும் அடித்துத் தருகிறேன்.

புகழ்

---

விருதுநகர்
11.02.2009

புகழேந்திக்கு,

ஞாயித்துக்கிழமை அப்பா வந்தாரு. வழக்கமா வந்தா காராபூந்தி, ரெண்டு கதை, தலையில ஒரு தட்டு. இந்தத் தடவை அதெல்லாம் இல்லை. பெஞ்சுல உக்காந்து கையைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. கிளம்பும்போது, "முதலாளிக்கு நல்லாத்தான் பேசியிருக்கே தாயி. வேன்ல எல்லாரும் சொல்லுதாக" அப்படின்னாரு. அம்புட்டுத்தான்.

நான் அனுப்பின தாளை நீ திருப்பிப் பார்த்தியா?

முன்பக்கம் முதலாளி கட்சி. பின்பக்கம் முழுக்க அவரு கட்சி. எதிராளி என்ன பேசுவான்னு முதல்லயே தெரிஞ்சாத்தான் பதில் சொல்ல முடியும்னு அதை முன்னால எழுதினேன். நீ அதை மட்டும் அடிச்சு, எம்பேரைப் போட்டு, எங்க அப்பா ஏறுற வேன்லயே குடுத்துவிட்டிருக்கே.

வேஸ்ட் தாளுக்குத்தான் ஒரு பக்கம். எனக்கு இனிமே எழுத வேணாம்.

எழில்

---

சிவகாசி
14.02.2009

எழில்,

திருப்பிப் பார்க்கலை.

இதற்கு மேல் நான் என்ன எழுதினாலும் நீ வாசிக்க மாட்டாய். டீச்சர் வாசிப்பார்கள். டீச்சர், அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். பின்பக்கம் இன்னைக்குச் சாயங்காலம் மெஷின் ஏறுகிறது. இந்தத் தடவை வேனில் கொடுத்துவிட மாட்டேன். நானே போகிறேன்.

புகழேந்தி

---

விருதுநகர்
08.03.2009

புகழு,

பரீட்சை நடக்குது, சுருக்கமா எழுதணும்னுதான் உக்காந்தேன்.

அப்பா நேத்து வந்தாரு. சட்டைப் பையில நாலா மடிச்ச தாளு. ரெண்டு பக்கமும் அச்சு. நீ செஞ்சதெல்லாம் சொன்னாரு. விடியாத நேரத்துல வெம்பக்கோட்டை விலக்கு ரோட்டுல வேனுக்கு முன்னாடி போய் நின்னியாமே. டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க, படியில ஏறி, "தப்பு எழில் மேல இல்லை, தாளைத் திருப்பாத எம்மேலதான்"னு சொல்லிட்டுப் பின்பக்கம் முழுசையும் சத்தமா வாசிச்சியாமே. "கட்டுப் போட்ட கைக்குக் கையெழுத்துப் போட நேரம் வேணும். அந்த நேரத்தைக் குடுக்காதவன் சம்மதம் வாங்கினதா எப்படிச் சொல்ல முடியும்?"னு நான் எழுதியிருந்த வரி வந்தப்ப டிரைவர் ஹாரன் அடிக்கிறதை நிறுத்திட்டாராம். வேன்ல இருந்த பஞ்சம்மாள் அத்தை, "இன்னொருக்கா வாசிய்யா"ன்னாகளாம். நீயா இதெல்லாம் செஞ்சே? காது குத்துக்கு மைக்ல பேசச் சொன்னாலே வாயில வடையை வச்சுக்கிருவியே.

அப்பா எங்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "இதை இங்கிலீசுலயும் இப்படிப் பேசுவியா தாயி?" பேசுவேன்னு சொன்னேன்.

சட்டப் பரீட்சை விண்ணப்பத்துல அப்பா கையெழுத்து வேணும். நீட்டினேன். "கைநாட்டு வச்சாலும் போதும்"னு டீச்சர் சொன்னாக. அவரு கேக்கலை. முதல்ல தாளைத் திருப்பிப் பின்பக்கம் என்ன இருக்குன்னு பார்த்தாரு. அப்புறம் அந்த மடங்காத விரலுக்கு நடுவுல பேனாவைச் செருகி, த-ங்-க-ச்-சா-மின்னு எழுதி முடிச்சாரு. டீச்சர் கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தாக. மணி அடிச்சும் போகலை.

அம்மாவும் பில் போடுற வேலைக்கு, ரிசல்ட் வரட்டும்னு சொல்லி அனுப்பிருச்சு. சென்னைக்கு அப்பாதான் கூட வாராரு. நீயும் எங்களோடதான் வரணுமாம். உன் விண்ணப்பத்தை ஒழுங்கா அனுப்பினியா?

அடுத்த எட்டுப் பக்கம் இத்தோட இருக்கு. எல்லாத்தையும் திருப்பிப் பாரு.

எழில்

---

சிவகாசி
25.05.2009

எழிலுக்கு,

தபால் கார்டு என்பதால் சுருக்கமான வெற்றிச் செய்தி. தேர்வு அறையில் நான் உனக்கு ரெண்டு வரிசை பின்னால். நீ கடைசி மணி வரை குனிந்த தலை நிமிரவில்லை. நான் ஒரே மணி நேரத்தில் முடித்துவிட்டு மேசை மேல் தலை சாய்த்ததை நீ பார்க்கவில்லை. மேற்பார்வையாளர் ரெண்டு தடவை வந்து வியந்து பார்த்துவிட்டுப் போனார். வெளியே மரத்தடியில் சித்தப்பா, "எப்படி மாப்ள மாதிரி உறங்குனே?" என்றார். ஜன்னல் வழியாக அவரும் பார்த்திருக்கிறார். எனக்கு இடம் உறுதி. உனக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

புகழேந்தி

---

போபால்
19.07.2009

புகழு,

போன்ல பேசினா நீ மார்க்கைச் சொல்லாம வச்சிருற. அதான் பழையபடி லெட்டர்.

இங்கன எல்லாரும் இங்கிலீஷை மழை மாதிரி பொழியிறாங்க. நான் குடை பிடிச்சுக்கிட்டு நடுவுல நிக்கிறேன். ஆனா நனையப் பழகிருச்சு. இந்த ஊரு கிடைச்சிருக்குன்னு சொன்னப்ப அப்பா என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா? "அங்கனதான வெசக் காத்து வெளியேறுச்சு"ன்னாரு. நம்ம தாள்ல இருந்த அதே வார்த்தை.

இந்த வாரம் வகுப்புல அதே விதி வந்துச்சு. மேடம் அதை எழுதிப் போட்டு, "ஆனா நம்ம நாட்டுல"ன்னு ஆரம்பிச்சாங்க. போபாலுக்குப் பிறகு சுப்ரீம் கோர்ட்டு அந்த 'வெளியேறி'யைத் தூக்கிருச்சாம். ஆபத்தான தொழில் நடத்துறவன், உள்ளே வேலை பார்த்தவருக்கும் பொறுப்பு. சாக்குச் சொல்ல முடியாது. ஏலே, நமக்குக் கிடைக்காம போன ஆறாம் பக்கத்துலயோ ஏழாம் பக்கத்துலயோ இதுதான் இருந்திருக்கும். மேடம் ஏதாவது கேள்வி இருக்கான்னாங்க. எந்திரிச்சேன். என்ன பேசினேன்னு தெரியலை. இங்கிலீஷ்ல பேசினேன்.

இங்கன பொண்ணுங்க பெரிய பெரிய கோச்சிங் பேரெல்லாம் சொல்றாங்க. நான் தைச்ச பாதிக் கைடோட நம்ம பக்கத்தையும் சேர்த்து நீ பைண்ட் பண்ணிக் குடுத்த புத்தகத்தைக் காட்டினேன். சேவு எண்ணெய் இன்னும் இருக்கு.

உன் மார்க் என்ன? நீ எங்கே சேர்ந்திருக்கே? நூத்தி எண்பத்தேழு வாங்கினவனுக்கு எங்கேயும் கிடைக்காம இருக்காது. உண்மையைச் சொல்லு.

எழில்

---

சிவகாசி
28.07.2009

எழில் அக்காவுக்கு,

கண்ணைத் துடைச்சிட்டு மறுபடி வாசிக்க வேணாம். அக்காதான். நிலுவையில இருந்த வழக்குல தீர்ப்பு வந்தாச்சு. மேல்முறையீடு கிடையாது.

உன் லெட்டரை அப்பாவுக்கும் டீக்கடைக்கும் வாசிச்சுக் காட்டினேன். 'வெளியேறி'யைத் தூக்கிட்டாங்கன்னு வந்ததும் அய்யாதுரை அண்ணன், "நான் அன்னைக்கே சொன்னேன்ல"ன்னு பெஞ்சைத் தட்டி ரெண்டு கிளாஸை உடைச்சாரு. சித்தப்பாவுக்கு நானே நேர்ல போய் வாசிச்சேன். ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாரு. அப்புறம் கையை நீட்டிப் பார்த்துக்கிட்டு, "இது பிந்தி வந்த பக்கம்"ன்னு மட்டும் சொன்னாரு.

இப்ப என் கதை. நான் கொச்சியிலும் இல்லை, கொல்கத்தாவிலும் இல்லை. இங்கேயே பிரிண்டிங் டிப்ளமோ சேர்ந்திருக்கேன். மூணு கால் மேசைக்கு நாலாவது கால் போட்டாச்சு.

ரெண்டு தடவை முடிச்சேன்னு எழுதினேன்ல, ஒரு தடவைகூட முடிக்கலை. முதல் தாள்ல நாலாவது வரியில ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியலை. டிக்‌ஷனரி எடுக்கப் போனேன். வழியில கிரிக்கெட் மட்டை கிடந்துச்சு. பின்பக்கம் இல்லைன்னு நான் கண்டுபிடிக்காததுக்கு அதுதான் காரணம். முன்பக்கத்தைப் படிச்சவனுக்குத்தான பின்பக்கம் வேணும். நூத்தி எண்பத்தேழு எங்க மெஷின்ல ஒட்டியிருக்குற நம்பர். ஒரு மணி நேரத்துல முடிச்சது மட்டும் உண்மை. தெரிஞ்சது அம்புட்டுத்தான். மேற்பார்வையாளர் வியந்து பார்க்கலை, மயக்கமான்னு பார்த்தாரு.

ஆனா ஒண்ணு. சட்டப் பகுதியில ஆபத்தான பொருள் வச்சிருக்குறவன் கேள்வி ஒண்ணு வந்துச்சு. இங்கிலீஷ்லதான் இருந்துச்சு. எனக்குத் தமிழ்ல கேட்டுச்சு, உன் குரல்ல. அதுக்குப் பிறகு உன் பக்கத்துல வந்த மாதிரி இன்னும் கொஞ்சம். அதையெல்லாம் யோசிக்காம போட்டேன். ஏன்னா, நீ எழுதி அனுப்பினதை டைப் பண்ணும்போது ஒரு தடவை, திருத்தும்போது ஒரு தடவை, அச்சுல ஒரு தடவை, பைண்ட் பண்ணும்போது ஒரு தடவைன்னு எல்லாப் பக்கத்தையும் படிச்சேன். கைடு அச்சான பக்கத்தை நான் ஒரு நாளும் படிக்கலைக்கா. வெள்ளையா இருந்த பக்கத்தை மட்டும்தான் படிச்சேன்.

மார்க்கைக் கேட்டே. பின்பக்கம் எழுதியிருக்கேன். மெதுவாத் திருப்பு.

உன் தம்பி,
புகழ்

(பின்பக்கம்)

இருநூத்துக்கு முப்பத்தொண்ணு. அதுல தெரிஞ்சு போட்டதெல்லாம் உன்னுது. மீதி, கண்ணை மூடிக் குத்தினது.